அவர் எங்கே உட்கார்ந்து வரைந்தார்? 19ஆம் நூற்றாண்டுப் பெண்களும் நிலக்காட்சி ஓவியமும்

பழைய நிலக்காட்சி ஓவியம் ஒன்று கண்ணில் பட்டால் மலையைப் பார்ப்போம், ஆற்றைப் பார்ப்போம், வானத்து நிறத்தைப் பார்ப்போம். வரைந்தவர் 19ஆம் நூற்றாண்டுப் பெண் என்று தெரிந்தால் நான் முதலில் தேடுவது வேறொன்றை. இதை வரையும்போது அவர் எங்கே உட்கார்ந்திருந்தார்? மாடி சன்னலிலா, வீட்டுத் தோட்டத்திலா, ஓரமாக நிறுத்திய குதிரை வண்டியிலா, ஆளரவமற்ற மலைச்சரிவிலா?

விடையைப் படமே சொல்லும். அடிவானக் கோடு என்பது வரைபவரின் கண்மட்டம். தரையில் உட்கார்ந்து வரைந்தால் அந்தக் கோடு வேலிக்கும் புதருக்கும் பின்னால் மறைந்துவிடும். மேட்டில் ஏறி வரைந்தால் அதற்குக் கீழே வயலும் ஊருமாக நிலம் விரிந்து கிடக்கும். ஆகவே வரைந்தவர் இருந்த இடத்தை ஏறக்குறையக் கண்டுபிடித்துவிடலாம். அந்த இடத்துக்கு அவரால் எப்படிப் போக முடிந்தது, யார் போகவிட்டார்கள், துணைக்கு யார் வந்தார்கள் என்று அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போனால், ஓவிய வரலாற்றுப் புத்தகங்கள் சொல்லாமல் விட்ட ஒரு பெரும்பகுதி பிடிபடும். அந்தப் புத்தகங்களில் இந்த அத்தியாயத்தைப் புரட்டினால் டர்னர், கான்ஸ்டபிள், கோரோ என்று ஆண்களின் பெயர்களே வரிசையாக வரும். அதே காலத்தில் எண்ணற்ற பெண்கள் மலையையும் ஆற்றையும் வரைந்துகொண்டிருந்தார்கள். அவர்களை ஏன் நமக்குத் தெரியவில்லை என்பதைப் புதிதாக வருபவர்களுக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அடிப்படை. ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் லேண்ட்ஸ்கேப் என்று சொல்வதைத்தான் நிலக்காட்சி ஓவியம் என்கிறோம். நம் கோயில் சுவரோவியங்களிலும் மரம், மலை, குளம் எல்லாம் உண்டு. அங்கே அவை கதைக்குத் துணையாக வருகின்றன. சாமி இருக்கும் இடம் காடு என்று காட்ட நாலு மரம். நிலக்காட்சி ஓவியத்தில் அந்த நாலு மரமும் அவற்றின் மேல் விழுந்த வெளிச்சமும்தான் கதை. மனிதர் ஒருவர் வந்தால்கூட, பாறை எத்தனை பெரிது என்று நமக்கு அளவு காட்டவே வருவார்.

ஐரோப்பிய ஓவிய அகாடமிகள் இந்த வகைக்குக் கொடுத்த மதிப்பு குறைவு. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அகாடமி ஓவிய வகைகளுக்கு ஒரு படிவரிசை போட்டது. மேல்படியில் புராணம், பைபிள், வரலாறு. அதற்குக் கீழே உருவப்படம், பிறகு அன்றாட வாழ்க்கை. நிலக்காட்சி அதற்கும் கீழே. பூவும் பழமும் அடிப்படியில். மேல்படி ஓவியத்துக்கு மனித உடலைத் தசை தசையாக வரையத் தெரியவேண்டும். அதைக் கற்க ஒரே வழி, ஆடையில்லாத மாடலை முன்னால் நிறுத்தி மாதக்கணக்கில் பார்த்து வரைவது. அந்த வகுப்பறைக்குள் பெண்களுக்கு அனுமதியில்லை. இந்த ஒரு கதவை அடைத்ததில் மேல்படி மொத்தமும் அடைபட்டது.

லண்டன் ராயல் அகாடமி 1768இல் தொடங்கியபோது நிறுவன உறுப்பினர்களில் இருவர் பெண்கள்: ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். சில ஆண்டுகளில் யோஹான் ஸோஃபனி என்ற ஓவியர் அகாடமி உறுப்பினர்களை ஒரே படத்தில் தீட்டினார். உறுப்பினர்கள் மாடல் வகுப்பில் கூடி நிற்கும் காட்சி. மாடல் உடையில்லாமல் இருக்கிறார் என்பதால் அந்த இரு பெண்களையும் அறைக்குள் காட்ட முடியவில்லை. என்ன செய்தார் தெரியுமா? சுவரில் மாட்டிய இரண்டு உருவப்படங்களாக அவர்களை வரைந்துவிட்டார். நிறுவனர்களே சுவரில் தொங்குகிறார்கள். அந்த இருவருக்குப் பிறகு ஒரு பெண் முழு உறுப்பினராக 168 ஆண்டுகள் ஆயின. 1936இல் லாரா நைட் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மேல்படி அடைபட்டபோது திறந்து கிடந்தது நிலக்காட்சி. மரத்துக்கு ஆடை உடுத்த வேண்டியதில்லை. அதோடு, வசதியான வீட்டுப் பெண்ணுக்கு வரையத் தெரிந்திருப்பது ஒரு அழகு என்று அந்தச் சமூகம் கருதியது. பெண் பார்க்க வருபவர்கள் “பாடத் தெரியுமா?” என்று கேட்ட காலம் நமக்கு நினைவிருக்கிறதே, அது போலத்தான். பியானோ, பிரெஞ்சு மொழி, பூத்தையல், வாட்டர்கலர். வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கும் ஓவிய வாத்தியார்கள் இருந்தார்கள். புகழ்பெற்ற நிலக்காட்சிக்காரரான டேவிட் காக்ஸ், ஹெரிஃபோர்டு ஊரில் பெண்கள் பள்ளியொன்றில் வாத்தியார். இளவயதிலேயே இறந்துபோன மேதை தாமஸ் கர்ட்டினிடம் பாடம் கேட்டவர் அமீலியா லாங் என்ற சீமாட்டி. விக்டோரியா மகாராணியே 1846இல் எட்வர்ட் லியரிடம் நிலக்காட்சி பயின்றார். பிறகு வில்லியம் லீச் என்பவரிடம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார்.

இந்தக் கல்வியில் ஒரு பொடி வைத்திருந்தார்கள். நன்றாக வரையலாம், ஆனால் பிழைப்புக்காக வரையக்கூடாது. பெர்த் மொரிஸோ என்ற பிரெஞ்சு ஓவியரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவரும் அக்கா எட்மாவும் சேர்ந்து ஓவியம் படித்தபோது, இந்தப் பெண்களுக்கு இருக்கும் திறமையைப் பார்த்தால் இவர்கள் நிஜமாகவே ஓவியர்களாகிவிடுவார்கள், உங்களைப் போன்ற குடும்பத்தில் அது பெரிய விபரீதமாக முடியும் என்று வாத்தியாரே தாயாரை எச்சரித்தார். இந்தச் சகோதரிகளிடம் பிறகு வருகிறேன்.

கைப்பெட்டிக்குள் அடங்கிய வண்ணம்

வாட்டர்கலர் ஏன் பெண்களின் கைக்கு வந்தது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அதற்கு முந்தைய ஓவியர் வண்ணக்கல்லைத் தானே அரைத்து, பிசின் சேர்த்துக் குழைக்க வேண்டும். 1780களில் லண்டனில் ரீவ்ஸ் சகோதரர்கள் வண்ணத்தைச் சோப்புக்கட்டி மாதிரி சின்ன வில்லைகளாக விற்றார்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் நிறம் வரும். 1832இல் தொடங்கிய வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம், தேய்க்காமலே பிரஷில் ஏறும் ஈரப்பத வில்லைகளைக் கொண்டுவந்தது. எண்ணெய் வண்ணத்தை அடைக்கும் தகரக் குழாய்க்கு ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்கர் 1841இல்தான் காப்புரிமை பெற்றார். அதுவரை எண்ணெய் வண்ணம் ஓவியக்கூடத்தை விட்டுச் சுலபமாக வெளியே வராது. நாற்றமும் அதிகம், காய நாளும் அதிகம். வாட்டர்கலர் பெட்டியோ ஒரு வெற்றிலைப் பெட்டி அளவு. ஒரு குப்பியில் தண்ணீர், ஒரு மடக்கு நாற்காலி, ஒரு ஸ்கெட்ச் புத்தகம், அவ்வளவோடு கிளம்பிவிடலாம்.

எதை வரைவது என்பதற்கும் பாடம் இருந்தது. 1782இல் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார், வை என்ற ஆற்றின் வழியே போன பயணத்தைப் புத்தகமாக்கி, எந்தக் காட்சி படமாகும், எது ஆகாது என்று விதி சொன்னார். முன்னால் இருட்டாக ஒரு மரமோ பாறையோ, நடுவில் வெளிச்சம் விழுந்த ஆறு, கடைசியில் மங்கலாக மலை. நெப்போலியன் போர்களால் ஐரோப்பாவுக்குப் போக முடியாத ஆங்கிலேயர்கள் கில்பின் வழியில் தங்கள் நாட்டு ஏரிகளையும் வேல்ஸ் மலைகளையும் தேடிப் போனார்கள். குடும்பத்தோடு போனவர்களில் பெண்களும் இருந்தார்கள், மடியில் ஸ்கெட்ச் புத்தகத்தோடு.

தூரத்து மலை நீலமாகத் தெரியும் என்பது அந்தப் பாடத்தின் முக்கிய விதி. இடையில் இருக்கும் காற்றும் ஈரமும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் தொலைவு கூடக்கூட நிறம் வெளுத்து நீலமாகும், விளிம்பு மழுங்கும். ஓவியம் படிக்காமலே இது நமக்குத் தெரியும். சமவெளியிலிருந்து நீலகிரியைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குறிஞ்சிப் பூவால் வந்த பெயர் என்று சொல்பவர்களும் உண்டு, அது தனிக்கதை.

வாட்டர்கலர் என்றால் குழந்தைகள் விளையாட்டு என்ற எண்ணம் இன்றும் இருக்கிறது. அதனால் வானம் பூசும் முறையை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். தாளை நனைத்து, பலகையில் நாலு ஓரமும் ஒட்டிக் காயவைத்தால் முரசு போல விறைப்பாக இழுத்துக்கொள்ளும். பலகையை லேசாகச் சாய்த்து, பிரஷ் நிறைய நீலம் எடுத்து, மேல் ஓரத்தில் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. இழுத்த பட்டையின் அடியில் வண்ணநீர் மணியாகத் திரண்டு நிற்கும். அடுத்த இழுப்பு அந்த மணியைத் தொட்டுக் கீழே கூட்டிவர வேண்டும். அது காய்வதற்குள் மூன்றாவது, நான்காவது. நடுவில் யாராவது கூப்பிட்டுத் திரும்பினால் போயிற்று. பாதி காய்ந்த இடத்தில் மறுபடி பிரஷ் வைத்தால் காலிஃபிளவர் ஓரம் போலச் சுருண்டு ஒரு கறை விழும், எடுக்கவே முடியாது. மேகம் வேண்டுமென்றால் வெள்ளை பூசுவதில்லை. அந்த இடத்தை முன்கூட்டியே மனதில் குறித்து, நீலம் படாமல் தாளை விட்டுவிட வேண்டும். நான் வாட்டர்கலர் பழகிய காலத்தில் ஒரு ஒழுங்கான வானம் வர எத்தனை தாள் கிழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். சென்னை வெயிலில் மூன்றாவது இழுப்புக்குள் அந்த மணி வற்றிவிடும். இந்த ஊரில் 1801இலேயே உட்கார்ந்து வாட்டர்கலர் தீட்டிய இரு பெண்கள் மேல் எனக்குத் தனி மரியாதை வந்தது அப்போதுதான்.

வாசலைத் தாண்டிப் போவது

பெட்டி கைக்கு வந்தாயிற்று, விதியும் படித்தாயிற்று. வெளியே போவது எப்படி? இதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி என்று நினைக்கிறேன். நிலக்காட்சிக்கு நிலத்துக்குப் போயாக வேண்டும். வெளிச்சம் மாறும்வரை காத்திருக்க வேண்டும், மணிக்கணக்கில் ஓரிடத்தில் இருக்க வேண்டும், பிடித்த கோணம் கிடைக்கும்வரை நடக்க வேண்டும். மானமுள்ள வீட்டுப் பெண் துணையில்லாமல் தெருவில் போகக்கூடாது என்ற காலத்தில் இது ஒவ்வொன்றும் சிக்கல்.

பாரிஸில் ஓவியம் படித்த மரீ பாஷ்கிர்த்செஃப், 1879இல் தன் நாட்குறிப்பில் இதைப் பொருமி எழுதினார். தனியாக வெளியே போக, நினைத்த இடத்தில் உட்கார, இரவில் பழைய தெருக்களில் நடக்க எனக்கு விடுதலை வேண்டும், அது இல்லாமல் யாரும் உண்மையான கலைஞராக முடியாது என்பது அவர் சொன்னதன் சாரம். வண்டிக்குக் காத்திருந்து, துணைக்கு வருபவருக்குக் காத்திருந்து, பார்க்க நினைத்ததைப் பார்க்காமலே திரும்பிய ஒருத்தியின் குரல் அது. 25 வயதில் காசநோயில் இறந்துபோனார். விலங்குகளை வரைவதில் பெரும்புகழ் பெற்ற ரோசா போனர், சந்தைக்கும் கசாப்புக்கூடத்துக்கும் போய் வரையக் கால்சட்டை போட்டுக்கொள்ளப் பாரிஸ் போலீசிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கினார். அதையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

இந்தத் தடையை உடைத்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் பார்பரா லீ ஸ்மித். 1827இல் பிறந்தார். தந்தை முற்போக்குக்காரர், 21 வயதானதும் மகளுக்கு ஆண்டுக்கு 300 பவுண்டு தனி வருமானம் எழுதிவைத்தார். 1850இல் பார்பராவும் தோழி பெஸ்ஸி பார்க்ஸும் பெரியவர் துணை எதுவும் இல்லாமல் ஐரோப்பாவில் சுற்றினார்கள், இறுக்கும் உள்ளுடுப்பைக் கழற்றிவிட்டு, பாவாடையைக் குட்டையாக்கிக்கொண்டு, கனமான பூட்ஸ் மாட்டிக்கொண்டு. கவிஞரும் ஓவியருமான டான்டே கேப்ரியல் ராசெட்டி 1853இல் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் பார்பராவை வியக்கிறார்: வண்ணத்தின் பேரால் என்றால் இந்தப் பெண் கால்சட்டை போட்டு மலை ஏறுவாள், அதுவும் இல்லாமல் ஓடையில் இறங்குவாள் என்று. பாவாடை நுனி சேற்றில் நனைந்து ஈயமாய்க் கனக்கும் நிலையில் புல்மேட்டில் ஏறிப் பாருங்கள், அந்தக் குட்டைப் பாவாடையின் அருமை புரியும்.

பார்பரா கடற்கரைப் பாறைகளை வரைந்தார், புயல் வரும் வயலை வரைந்தார். 1857இல் பிரெஞ்சு மருத்துவர் ஒருவரை மணந்து குளிர்காலங்களை அல்ஜியர்ஸில் கழித்ததால் வட ஆப்பிரிக்க வெயிலும் கற்றாழையும் அவர் படங்களில் வந்தன. அதே பெண்தான் 1854இல் பெண்களைப் பற்றிய இங்கிலாந்துச் சட்டங்களை எளிய நடையில் தொகுத்து ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அதில் இருந்த செய்தி எளியது, கொடியது: கல்யாணமான பெண் சம்பாதிக்கும் பணம் சட்டப்படி கணவனுடையது. அவள் தீட்டிய படம் விற்றால் அந்தக் காசும் அவனுடையதே. தன் சம்பாத்தியம் தனக்கே என்று மனைவி சொல்லிக்கொள்ள 1870இல் ஒரு சட்டமும், சொத்துரிமையை விரிவாக்க 1882இல் இன்னொன்றும் வேண்டியிருந்தது. அதற்கான இயக்கத்தில் முன்னால் நின்றவர் பார்பரா. 1869இல் தொடங்கிய பெண்கள் கல்லூரி, பின்னாளில் கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரி, அதை நிறுவியவர்களிலும் அவர் ஒருவர். ஓவியங்கள் விற்ற பணமும் அந்தப் பணிகளுக்குப் போனது.

பொழுதுபோக்குக்கு வரைபவர் என்ற முத்திரை ஏன் இத்தனை பெண்கள் மேல் விழுந்தது என்பது இப்போது விளங்கும். பணம் வாங்கினால் குடும்ப மானம் போகும், வாங்கினாலும் பணம் அவளுடையதில்லை, வாங்காவிட்டால் ஓவியர் என்ற பெயரில்லை. முன்பு சொன்ன அமீலியா லாங், பின்னாளில் ஃபார்ன்பரோ சீமாட்டி, கர்ட்டினின் மிகச் சிறந்த மாணவர். கென்ட் பகுதியில் ப்ராம்லி ஹில் என்ற தன் வீட்டுத் தோட்டத்தைத் தானே வடிவமைத்து, அந்தத் தோட்டத்தைத் தானே வரைந்தார். மண்ணிலும் தாளிலும் ஒரே காட்சியை உருவாக்கியவர். தொழில்முறைக்காரராக யாரும் அவரைக் கணக்கில் எடுக்கவில்லை. ஹாரியட் கோல்ட்ஸ்மித் போன்ற சிலர் துணிந்து நிலக்காட்சியையே தொழிலாக்கி, ஆண்டுதோறும் கண்காட்சிகளுக்குப் படம் அனுப்பினார்கள். 1804இல் தொடங்கிய வாட்டர்கலர் சங்கம் பெண்களைச் சேர்த்தபோதும் தனி வகையாகவே வைத்தது. நிர்வாகத்திலும் லாபத்திலும் பங்கில்லை. 1857இல் பெண் ஓவியர்கள் தங்களுக்கென்று லண்டனில் ஒரு சங்கம் கண்டு முதல் கண்காட்சி நடத்தினார்கள்.

கையெழுத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ராயல் அகாடமியின் பள்ளியில் பெண்கள் சேரக்கூடாது என்று விதி எதுவும் எழுதி வைக்கவில்லை. யாரும் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். 1859இல் பார்பரா உட்படப் பெண் ஓவியர்கள் பலர் மனு கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு லாரா ஹெர்ஃபோர்ட் முதலெழுத்துகளை மட்டும் போட்டு ஒரு படத்தை அனுப்பினார். ஆண் என்று நினைத்து இடம் கொடுத்துவிட்டார்கள். வந்து நின்றவர் பெண். மறுக்க விதியில்லை. அப்படித் திறந்தது அந்தக் கதவு. மாடல் வகுப்பு மட்டும் 1893வரை திறக்கவில்லை. திறந்தபோதும் மாடல் துணி சுற்றியிருக்க வேண்டும். பாரிஸின் எக்கோல் தே போஸார் கல்லூரி பெண்களைச் சேர்த்தது 1897இல்.

ரோசா பிரெட் என்ற பெண், புல்லையும் இலையையும் ஒவ்வொன்றாக எண்ணி வரைந்தது போல வரைவார். 1858இல் தொடங்கி ரோசேரியஸ் என்ற ஆண்பெயரில் கண்காட்சிக்கு அனுப்பினார். அவர் தம்பி ஜான் பிரெட் புகழ்பெற்ற நிலக்காட்சிக்காரர். அமெரிக்காவில் மேரி நிம்மோ மோரன், பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டு எட்சிங் படங்களில் கையெழுத்திட்டார். எட்சிங் என்றால் செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் தோய்த்து, கீறிய கோடுகளில் மை ஏற்றித் தாளில் அச்சிடுவது. பலர் ஸ்கெட்ச் போட்டுவந்து வீட்டில் உட்கார்ந்து தகட்டில் கீறுவார்கள். மேரி தகட்டையே வெளியே தூக்கிப்போய், மரத்தைப் பார்த்தபடி நேரடியாகக் கீறினார். அச்சில் இடவலம் மாறிவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. 1881இல் லண்டன் எட்சிங் ஓவியர் சங்கம் தன் முதல் 65 உறுப்பினர்களில் ஒருவராக அவரைச் சேர்த்தது. அந்த 65 பேரில் அவர் ஒருவரே பெண்.

அதே அமெரிக்காவில் சூசி பார்ஸ்டோ கேட்ஸ்கில், அடிரோண்டாக், வெண்மலைத் தொடர்களின் முக்கிய சிகரங்களில் எல்லாம் ஏறி வரைந்தார். நார்வேயில் கிட்டி ஷெலான், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவ அகாடமியில் பெண்களுக்கு இடமில்லாததால் ஹான்ஸ் கூடே என்பவரிடம் தனியாகப் பாடம் கேட்டு, ஊர் திரும்பி, படம் வரைய ஒன்றுமில்லை என்று மற்றவர்கள் தாண்டிப்போன யேரன் சமவெளியின் கரிச்சேற்று நிலங்களை, அதாவது மக்கிய செடிகள் படிந்த சதுப்பை, தன் பொருளாக எடுத்துக்கொண்டார். மலையில்லை, அருவியில்லை. கறுத்த தண்ணீர் தேங்கிய வெட்டுக்குழிகளும் அதில் தெரியும் வானமும் மட்டுமே. கில்பின் விதிப்படி அது படமே இல்லை.

சென்னை, குன்னூர், கியூ

வீட்டில் கிடைக்காத வெளி, சிலருக்குக் கடல்தாண்டிக் கிடைத்தது. அதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1801இல் மதராஸ் உச்ச நீதிமன்ற நீதிபதியின் மனைவியாக வந்து இறங்கினார் எலிசபெத் கில்லிம். கூடவே தங்கை மேரி சைமண்ட்ஸ். எலிசபெத் பறவைகளை வரைந்தார், பலவற்றை அச்சு அசல் அதே அளவில்; அமெரிக்காவின் ஆடுபான் பறவைப் புத்தகம் வருவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே. தெலுங்கு படித்தார். மேரி இந்த ஊரையும் மனிதர்களையும் வரைந்தார். ஹெரிஃபோர்டில் இருந்த தாய்க்கும் உடன்பிறந்தவளுக்கும் இருவரும் எழுதிய நீண்ட கடிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. எலிசபெத் 1807இல் இங்கேயே இறந்தார், கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் அடக்கம். அவர் வரைந்த 121 பறவைப் படங்கள் 1920களில் லண்டனில் ஒருவர் கண்ணில் பட்டு, இப்போது கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. நூறாண்டுக்கு மேல் அவை யாருக்கும் தெரியாமலே கிடந்தன.

குன்னூர் போனவர்கள் லேடி கேனிங் சீட் என்ற காட்சிமுனைக்குப் போயிருப்பீர்கள். சார்லட் கேனிங், கவர்னர் ஜெனரல் கேனிங்கின் மனைவி. விக்டோரியாவின் அந்தப்புரப் பணிப்பெண்களில் ஒருவராக இருந்தவர். கணவர் 1857 கலகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்துக்கு அடுத்த ஆண்டு, 1858இல், நீலகிரிக்கு வந்து தங்கி வரைந்தார். இந்தியாவில் அவர் தீட்டிய 350 வரையிலான வாட்டர்கலர் படங்கள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1861இல் டார்ஜிலிங் மலைகளை வரைந்துவிட்டுத் திரும்பும் வழியில் இமயமலை அடிவாரத்துத் தராய்க் காட்டில் மலேரியா பிடித்து, கல்கத்தாவில் 44 வயதில் இறந்தார். வங்காளத்து லெடிகேனி இனிப்பு அவர் பெயரில் வந்தது என்பார்கள். அந்தச் சரிவு வரை அவரைச் சுமந்துபோன தோள்கள் யாருடையவை, பெட்டியையும் குடையையும் கூடாரத்தையும் தூக்கி வந்தவர்கள் யார் என்று எந்த அருங்காட்சியகப் பட்டியலும் சொல்வதில்லை. அவர் எங்கே உட்கார்ந்தார் என்று கேட்கும் அதே கேள்வி இதையும் கேட்கச் சொல்கிறது. பேரரசின் பல்லக்கில் ஏறித்தான் இந்தப் பெண்களில் பலர் மலைமுகட்டுக்கு வந்தார்கள்.

மரியான் நார்த் கல்யாணமே வேண்டாம் என்றிருந்தவர். வாட்டர்கலரை விட்டு எண்ணெய் வண்ணத்துக்கு மாறினார். அது மதுப்பழக்கம் மாதிரி, பிடித்துக்கொண்டால் விடாது என்று எழுதினார். தனக்கு 39 வயதானபோது தந்தை இறந்தார்; அதன்பின், 1871 தொடங்கித் தனியாக உலகம் சுற்றினார். இலங்கையில் களுத்துறையில் புகழ்பெற்ற புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரன் அவரைப் படம் எடுத்தார். பிறகு இந்தியா, தூத்துக்குடி, மதுரை, தஞ்சாவூர் என்று நம் ஊர்களையும் பார்த்தார். செடியைத் தனியாகப் பிய்த்து வெள்ளைத்தாளில் வரையும் தாவர ஓவிய மரபை விட்டு, செடியை அது நிற்கும் மலையோடும் ஓடையோடும் சேர்த்து வரைந்ததில்தான் அவர் நிலக்காட்சிக்காரர். லண்டன் கியூ தோட்டத்தில் தன் செலவிலேயே ஒரு கூடம் கட்டிக்கொடுத்தார். 1882இல் திறந்த அந்தக் கூடத்தில் தன் படங்களை இடுக்கு விடாமல் மாட்டினார்; பின்னாளில் அவை 800ஐத் தாண்டின. சுவரின் கீழ்ப்பகுதியில் 246 வகை மரத் துண்டுகள். பார்க்க வருபவர்களுக்கு அங்கே தேநீரும் காப்பியும் கொடுக்க ஆசைப்பட்டார்; தோட்ட இயக்குநர் ஹூக்கர் ஒப்பவில்லை. மரியான் வாசற்கதவுகளுக்கு மேலே தேயிலைச் செடியையும் காப்பிச் செடியையும் தீட்டிவிட்டார். இன்றும் இருக்கின்றன.

இப்போது அந்த மொரிஸோ சகோதரிகள். வாத்தியாரின் எச்சரிக்கையை அம்மா பொருட்படுத்தவில்லை. 1860களின் தொடக்கத்தில் இருவரும் கோரோவிடம் போய், வெளியில் அமர்ந்து வரையக் கற்றார்கள். 1864இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் இருவர் படங்களும் ஒரே ஆண்டில் இடம்பெற்றன. 1869இல் எட்மா கடற்படை அதிகாரி ஒருவரை மணந்து லோரியான் துறைமுக ஊருக்குக் குடிபோனார். வரைவது நின்றது. மனசால் உன் ஓவியக்கூடத்தில்தான் இருக்கிறேன் என்று தங்கைக்கு எழுதினார்.

அந்த ஆண்டே பெர்த் அக்காவைப் பார்க்க லோரியானுக்குப் போய் ஒரு நிலக்காட்சி தீட்டினார். இப்போது வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. இடதுபுறம் முழுக்கத் தண்ணீர், அதில் படகுகளின் நிழல், மேலே வெளிர் வானம். வலது ஓரத்தில் துறைமுகத்துக் கைப்பிடிச் சுவர். அதன் மேல் வெள்ளை உடையில், குடை பிடித்து, தலையைக் குனிந்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். முகம் நாலு தீற்றலில் முடிந்துவிடுகிறது. கையில் குடை மட்டும் இருக்கிறது, பிரஷ் இல்லை. அதுதான் எட்மா.